பெட்டி கட்டக் கொண்டுபோன கயிறு

நேற்று மதியம் ஜெனி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மரக்கிளைகளில் கண்ணாடிக் குப்பிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துளி மஞ்சள் வெளிச்சம். மரத்தடியில் சிவப்புத் தொப்பி போட்ட பெரிய காளான்கள். கொடிகளுக்கு இடையில் காகிதப் பட்டாம்பூச்சிகள். கீழே, "சீக்ரெட் கார்டன் தீம். எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டிருந்தாள்.

ஜெனி என் அண்ணன் மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நான் பதில் எழுதுவதற்காகக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே போனில் கூப்பிட்டுவிட்டாள்.

"அத்த, அடுத்த மாசம் அப்பா ஒரேயடியா வாறாவ தெரியும்லா? இனி கல்புக்குப் போகமாட்டாவ. மொட்டமாடியில ஒரு சர்ப்ரைஸ் பார்ட்டி வைக்கப்போறோம். அப்பாக்கு ஒண்ணும் தெரியக்கூடாது. அலங்கார ஐடியா எல்லாம் நீங்கதான் தரணும்."

"எனக்கு என்ன தெரியும் பிள்ளே?"

"சும்மா இரிங்க. பண்டு அப்பா லீவுக்கு வந்தப்பம் விளையில நீங்க செஞ்சியல்லா? அப்பா ஒருநாள் அம்மாட்ட சொன்னாவ. சொர்க்கம் மாதிரி இருந்துதாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்த 'சொர்க்கம்' என்ற சொல் தொண்டையில் மீன்முள் போல நின்றுகொண்டது. சோற்றை உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை.

நான் ஒழுங்கு பார்க்கிறவள். எங்கள் வீட்டு அடுக்களையில் எல்லா டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். "உப்புக்கு எதுக்குப் பேரு? நக்கிப் பாத்தா தெரியாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே டைரி எழுதுகிறேன். அதனால் போனை வைத்ததும் என் கால்கள் தானாகவே அலமாரிக்குப் போயின. டைரியை எடுக்கத்தான் போனேன். ஆனால் கையில் அகப்பட்டது ஒரு காலி சென்ட் குப்பி. மூடியைத் திறந்தால் அடியில் இன்னும் கொஞ்சம் வாசனை மிச்சம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பிறந்தவராக இருந்தால் உங்களுக்கும் அந்த வாசனை தெரிந்திருக்கும். வளைகுடா நாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் கல்புப் பெட்டியின் வாசனை. சோப்பும் சென்ட்டும் சாக்லேட்டும் தெர்மோகோல் தூளும் சேர்ந்த ஒன்று. பெட்டியைத் திறக்கிறோம் என்று சொல்ல மாட்டோம், பொளிக்கிறோம் என்போம். பெட்டி பொளிக்கும்போது அக்கம்பக்கமெல்லாம் வந்துவிடும். யாரையும் அழைக்க வேண்டாம். வேனின் கூரையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவதே அழைப்புதானே. வேனுக்குள் இடம் இருந்தாலும் உள்ளே வைக்க மாட்டார்கள். கூரையில் கட்டினால்தான் தக்கலைச் சந்திப்பிலிருந்து வீடுவரைக்கும் நாலு பேர் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் பெட்டி பொளிப்பது அண்ணன்தான். கத்தி அவன் கையில், வாய் அதைவிட வேகமாக. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை வைத்திருப்பான். இந்தச் சோப்பை விற்ற பாகிஸ்தானி, இந்த டார்ச்சு ஒட்டகத்தின் வாயிலிருந்து தப்பிய விதம். பாதிக்குமேல் பொய். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவன் போனபின் வீடு ஒருவாரம் காது அடைத்தது போல இருக்கும்.

அவன் கொண்டுவந்த எதையும் நான் களைய மாட்டேன். சாக்லேட்டுத் தாள்களை நகத்தால் நீவி, நிறவாரியாகப் பிரித்து, பழைய பாடப்புத்தகத்துக்குள் வைப்பேன். சென்ட் குப்பி, பால்பொடி டின், கம்பளி வந்த ஜிப்பு வைத்த பிளாஸ்டிக் உறை, டேப்ரிக்கார்டர் பெட்டிக்குள் இருந்த தெர்மோகோல் எல்லாம் கட்டிலுக்கடியில் இருந்தன.

"இவ கெட்டிப்போற வீட்டுக்கு ஒரு சாக்கு மிட்டாய்த்தாளும் கொடுத்துவிடணும் போல இருக்கே" என்பாள் அம்மா.

நான் தக்கலையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது அது. அண்ணன் அனுப்பிய வெளிநாட்டுக் காலண்டரில் ஒரு மாதத்துக்கு ஒரு தோட்ட விருந்தின் படம் போட்டிருந்தது. ஜெனி அனுப்பிய படத்துக்கு அது பெரியம்மா மகள் மாதிரி. அதே விளக்குகள், அதே காளான்கள். மாதம் முடிந்தும் நான் தாளைத் திருப்பவில்லை. அந்தச் சமயத்தில்தான் அண்ணன் லீவுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. வழக்கத்துக்கு முன்னாலேயே வந்த லீவு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வருகிற பிள்ளையிடம் ஏன் வருகிறாய் என்று யார் கேட்பார்கள்?

வீட்டுக்குப் பின்னால் எங்கள் விளை, ஒரு சின்னத் தோப்பு. நடுவில் ஒரு பெரிய பலா. அதில் நல்லமிளகுக் கொடி ஏறி அடிமரமே தெரியாது. மாட்டுத்தொழுவம் மறைப்பதால் வாசலில் நிற்பவருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. ரகசியத் தோட்டத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? சித்தி மகன் தாசனை மரத்தில் ஏற்றினேன். சென்ட் குப்பிகளைத் தூண்டில் நரம்பில் கட்டிக் கிளைகளில் தொங்கவிட்டோம். பால்பொடி டின்களில் ஆணியால் துளையிட்டு, உள்ளே மெழுகுவத்தி வைத்து விளக்காக்கினேன். கம்பளி உறைகளை வெட்டிப் பட்டாம்பூச்சிகள் செய்தேன். தெர்மோகோலில் காளான்கள், அவற்றுக்குக் குங்குமச் சிவப்பில் தொப்பி. நல்லமிளகுக் கொடி முழுவதும் சாக்லேட்டுத் தாளில் செய்த பூக்கள், தங்கமும் நீலமுமாக.

"ஏட்டி, இது அண்ணன் வாறதுக்கா, இல்ல கிறிஸ்மஸ் குடிலா? ஆட்டுக்குட்டி வல்லதும் வேணுமா?" என்றான் தாசன் மேலிருந்து.

"நீ நிக்கியல்லா, அது போதும்."

மறுநாள் அம்மாவும் தாசனும் அண்ணனைக் கூட்டிவர வேன் பிடித்துத் திருவனந்தபுரம் போனார்கள். பெட்டியைக் கூரையில் கட்டப் புதுக் கயிறு ஒரு சுருள் நானே வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. நான் தொழுவத்துப் பக்கத்திலிருந்து ஓடி வந்தேன். தொழுவத்துக்கு அருகில் ஒரு பெரிய டின் விளக்கைத் தொங்கவிடக் கயிறு போதாமல் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

இந்த இடத்தில்தான் என் ஒழுங்கின் லட்சணத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வேனின் கூரை காலி என்பதைப் பார்த்தேன். அண்ணன் ஒரே ஒரு கைப்பையோடு இறங்கியதைப் பார்த்தேன். சட்டைக் காலர் அவன் கழுத்தைவிடப் பெரிதாக இருந்ததைப் பார்த்தேன். இருக்கையில், வாங்கிய காகிதம்கூடப் பிரிக்காமல் கயிற்றுச் சுருள் கிடந்ததையும் பார்த்தேன். பார்த்து நான் நினைத்தது இதுதான்: நல்லவேளை, கயிறு மிச்சம் இருக்கிறது.

கயிற்றை எடுத்துக்கொண்டேன்.

"ஏட்டி, பெட்டி ஒண்ணும் கொண்டுவரல்ல. ஒரு காரியம்..." என்றான் அண்ணன்.

"பெட்டி கெடக்கட்டும். கண்ண மூடு."

"கேளுட்டி. ஆளுவ வாறதுக்கு முந்தி ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"எல்லாம் பெறவு சொல்லு. இப்பம் பேசாத வா."

என் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் அவன் கண்ணைக் கட்டினேன். தொழுவத்தைத் தாண்டிக் கூட்டிப்போய் நிறுத்தி, அந்தக் கயிற்றில் கடைசி விளக்கையும் ஏற்றிக் கட்டிவிட்டு, கண்கட்டை அவிழ்த்தேன்.

அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ஒரு குப்பியை விரலால் சுண்டினான். ஒரு டின்னைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தான்.

"எல்லாம் நான் கொண்டுவந்ததா?"

"ஒண்ணையும் களையல."

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றான். அப்புறம், "நான் அங்க கெடந்த வருசம் பூராவும் ஒரு மூடு பிலாவுல தொங்குது" என்றான். எல்லாம் ஒற்றைப் பலாவில் தொங்குகிறது என்றதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அச்சப்பத்தைக் கடித்துக்கொண்டே, "பெட்டி எங்க மாப்ளே? கப்பல்ல வருதா, நீந்தி வருதா?" என்றார் பக்கத்து வீட்டு மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான், விளக்குகளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அம்மா தங்கப் பூ ஒன்றைத் தலையில் செருகிக்கொண்டு நின்றாள்.

"கப்பல்லதான் மாமா. பின்னால வருது" என்றான்.

"அப்பம் சரி. என் பயலுக்கும் ஒரு விசா பாரு மக்கா."

"பாக்கேன் மாமா."

அந்தப் பெட்டி எந்தக் கப்பலிலும் வரவில்லை. சில வாரங்களில் அண்ணன்தான் போனான். அவசரமாகக் கிடைத்த ஏதோ ஒரு விசாவில், பழைய ஊருக்கல்ல, பாலைவனத்துக்குள் இருந்த ஒரு முகாமுக்கு.

விஷயம் எனக்குத் தெரிந்தது அவனுக்குக் கல்யாணம் ஆகிச் சில வருடங்கள் கழித்து. மைனி, அண்ணன் மனைவி, மீன் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். கம்பெனியை மூடி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். இனிப் போவதில்லை என்று முடிவு செய்துதான் அவன் விமானம் ஏறியிருக்கிறான். தக்கலையில் மோட்டார் பழுதுபார்க்கும் கடை ஒன்று போடுவதாக இருந்தான். "அந்த வெளக்கெல்லாம் பாத்த பெறவு எப்படிச் சொல்லதுன்னு வாயி அடைச்சுப் போச்சாம். நீங்க ஒண்ணும் நெனைக்காண்டாம்" என்று செதிலைத் தட்டிவிட்டாள்.

நான் நினைக்காமல் எப்படி இருப்பது? அம்மாவின் அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. ஜெனிக்கு விவரம் தெரிந்த வயதில் அவன் ஒருமுறை லீவுக்கு வந்தபோது, அவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமன் எப்பம் போவாவ?" என்று கேட்டாள். அவன் காதிலும் விழுந்தது. அவன் சிரித்தான். அன்று மாலை முழுவதும் பேசவில்லை.

நேற்று அந்த நாளின் டைரிப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். அலங்காரம் முழுவதும் இருக்கிறது, பூக்களின் நிறம்வரைக்கும். 'அண்ணனுக்கு மிகுந்த சந்தோஷம்' என்று முடித்திருக்கிறேன்.

சாயங்காலம் அவனைக் கூப்பிட்டேன். மகள் கட்டிக்காக்கும் ரகசியத்தைப் போட்டு உடைத்தேன்.

"ஒன் மக பார்ட்டி வைக்கப்போறா. வேண்டாம்னா இப்பமே சொல்லு. நான் நிறுத்திருதேன்."

"ஒன்ட்ட ஒரு ரகசியம் நிக்காதா?" என்றான்.

"நிக்கவேண்டாம். அன்னைக்கு நீ என்னமோ சொல்ல வந்த. நான் கேக்கல."

"எப்பம்?"

"பிலா மூட்டுக்குப் போறதுக்கு முந்தி."

அந்தப் பக்கம் ஏசியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அதையா? மறந்துபோச்சுட்டி" என்றான். பிறகு, "வெளக்கு எதுல கெட்டுவிய? ஒரு மூடு மரம் இல்லியே" என்றான்.

உண்மைதான். விளை இருந்த இடத்தில்தான் அவன் அனுப்பிய பணத்தில் வீடு எழுந்தது. தொழுவம் கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. பலாவை அறுத்து முன்வாசல் கதவு செய்தோம். நல்லமிளகுக் கொடி எப்போது பட்டுப்போனது என்று யாருக்கும் நினைவில்லை.

இன்று காலை ஜெனிக்கு எழுதி அனுப்பினேன். மொட்டைமாடியில் கம்பி நட்டுக் குறுக்கே நரம்பு இழுத்தால் குப்பிகளைத் தொங்கவிடலாம். காளானுக்குத் தெர்மோகோல் போதும். பட்டாம்பூச்சியைக் காகிதத்தில் வெட்டாதே, காற்றில் கிழியும். அப்பா கொண்டுவந்த சாமான் எதையும் தொங்கவிடாதே. கடைசியாக, விமான நிலையத்துக்கு நீ மட்டும் போ. வருகிற வழியில் எங்காவது காரை நிறுத்தி ஒரு சாயா குடியுங்கள். அப்பா பேசி முடித்த பிறகுதான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், விளக்கெல்லாம் அதற்கப்புறம் போடலாம்.

அவள் உடனே பதில் அனுப்பினாள். முதலில் ஒரு கட்டைவிரல். பிறகு சிரிக்கிற முகம் ஒன்றோடு:

"அப்பா என்ன அத்தை பேசப்போறாவ? அப்பாதான் பேசவே மாட்டாவளே."