அம்மாவைச் சுமந்தது யார்?

தாமிரபரணி வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த அன்று, நடக்க முடியாத அம்மாவை இடுப்பளவு தண்ணீரில் முதுகில் சுமந்து கல்யாண மண்டபத்தில் சேர்த்தேன். சென்னையிலிருந்த தம்பி வெள்ளம் வடிந்த பிறகே வந்தான். சேறு படிந்த வாசலில் அம்மாவை அணைத்துப் படம் எடுத்துக்கொண்டான். அதைச் சட்டமிட்டு அம்மாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டினான். வந்தவர்களிடமெல்லாம், "அம்மாவ தூக்கிட்டு வந்தோம்லா" என்பான். நான் திருத்தவில்லை.

சென்ற மாதம் அவன் மகளின் காதுகுத்தில் அம்மா எல்லோர் முன்னும் சொன்னாள்: "சின்னவன் இல்லன்னா ஆத்தோட போயிருப்பேன். முதுகுல தூக்கிட்டு வந்தாம்லா!"

தம்பி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எம்மா, தூக்குனது நானு."

"நீயா? அன்னைக்கு நீ எங்கலே இருந்த?"

வீடு திரும்பியதும், வெள்ளத்தன்று நான் எழுதிய டைரிப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள். "நீ எழுதுனதுதானலே."

அம்மா பொய் சொல்லவில்லை. தினமும் பார்த்த படமும், தம்பி வரும்போதெல்லாம் கேட்ட பேச்சும் அவளுக்கு நினைவாகிவிட்டன. ஆனால் தம்பிக்கு உண்மை தெரியும். அதுதான் ஆறவில்லை.

இப்போதெல்லாம் டைரியை எழுதி மூடிவைப்பதில்லை. அன்று நடந்ததை அன்றே அம்மாவுக்கு வாசித்துவிடுகிறேன். படத்தை மட்டும் கழற்றவில்லை, அம்மா தேடுவாள்.