அத்தை காத்திருந்த விளக்கு

என் மாமியார் ஐம்பத்திரண்டு வயதில் வேலைக்குப் போனதற்குக் காரணம் என் மாமனார்தான். அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது வாரம், "இந்த மனுஷனோட பகல் முழுக்க ஒரே வீட்டுல இருக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பாளராகச் சேர்ந்துவிட்டார். அதுவரை வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர். ஊசியில் நூல் கோக்கக் கண் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் மெஷினை மூடி வைத்திருந்தார்.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். அந்த நிலையத்தின் கம்ப்யூட்டர்களையும் எங்கள் கடைதான் கவனிக்கிறது. "எங்க அத்தைக்கு என்ன கவலை, வீட்டுலயே ஆள் இருக்கேன்" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுமை அந்த அளவுக்கு இல்லை.

சேர்ந்த பத்தாவது நாள், மாலை ஆறு மணிக்கு அத்தையிடமிருந்து போன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் தனியாக இருந்து நிலையத்தை மூட வேண்டும். நான் வேறோர் அலுவலகத்தில் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

"கம்ப்யூட்டர நிறுத்தச் சொல்லிட்டேம்மா. சுவத்துல இருக்கிற சுவிட்ச எப்ப அணைக்கணும்?"

"சின்னதா ஒரு விளக்கு சிமிட்டும் அத்தை. சிமிட்டுற வரைக்கும் உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம். நடுவுல அணைச்சா எழுதினதெல்லாம் கெட்டுடும். அது நின்னதும் அணைங்க."

போனை வைத்துவிட்டேன். எந்த விளக்கு என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தால் வள்ளென்று விழுந்திருப்பேன், அது அவருக்கும் தெரியும்.

நான் சொன்னது கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கம், பொத்தானுக்குக் கீழே இருக்கும் விளக்கு. உள்ளே தகவல் பதியும் வட்டு ஓடும்போது அது சிமிட்டும். ஆனால் அத்தையின் மேசையில் அந்தப் பெட்டி திரும்பி நின்றது. மின்சார வயர் எட்டவில்லை என்று எவனோ ஒரு புண்ணியவான் முன்பக்கத்தை நோயாளிகளுக்கும் பின்பக்கத்தை அத்தைக்கும் காட்டி வைத்திருந்தான். பின்பக்கத்தில் சிமிட்டுவது ஒன்றே ஒன்றுதான். நெட்வொர்க் கேபிள் மாட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் விளக்கு. கம்ப்யூட்டர் நின்ற பிறகும், கேபிளும் மின்சாரமும் இருக்கும்வரை அது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்.

அத்தை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏழு மணி ஆயிற்று. காவலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். "இன்னும் நிக்கலப்பா" என்று அத்தை சொன்னார். எட்டேகால் மணிக்குக் காவலாளி பொறுமை இழந்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். நிலையம் அவருடையது. அவர் காரை எடுத்துக்கொண்டு வந்து, விஷயத்தைக் கேட்டு, சுவர் சுவிட்சைப் பட்டென்று அணைத்தார். விளக்கு அணைந்தது.

மறுநாள் நிலையம் முழுக்க இதே பேச்சு. ரத்தம் எடுக்கும் பெண், போகும்போதும் வரும்போதும் "என்னம்மா, விளக்கு நின்னுடுச்சா?" என்றாள். இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது அத்தை மெதுவாக என்னிடம் சொன்னார்.

"இந்த மாசத்தோட நின்னுடலாம்னு பாக்கிறேன். நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

என்ன ஏது என்று துருவிக் கேட்டபோது கதை முழுக்க வந்தது. முதலில் நான் சிரித்தேன். அதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாதிச் சிரிப்பில் என் வார்த்தைகள் எனக்கே ஞாபகம் வந்தன. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அது நெட்வொர்க் விளக்கு அத்தை. அது நிக்காது."

"நீ அத சொல்லலையேம்மா" என்றார். கோபம் எதுவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அத்தை வீட்டில் பாட்டு முணுமுணுத்தார். ரத்தம் கொடுக்கப் பயப்படும் பெரிய மனுஷர்களைப் போல நடித்துக் காட்டினார். என் ஒரு வாய்ச்சொல்லால் அதெல்லாம் போவதா? எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து ஒரு பழைய பெட்டியையும் மானிட்டரையும் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"அப்ப நான் எங்க சாப்பிடறது?" என்றார் மாமனார்.

"மடியில வெச்சு சாப்பிடுங்க" என்றார் அத்தை.

பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அத்தை எதையும் சும்மா விடவில்லை. பச்சை வட்ட ஓட்டை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு என்றேன். "நிறம் குடுத்தவன் புத்திசாலி, எல்லாத்துக்கும் குடுத்திருக்கலாமே" என்றார். வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைக் காட்டி, அதில் கோடு என்றால் மின்சாரம் உண்டு, வட்டம் என்றால் இல்லை என்றேன். மூன்று முறை போட்டு அணைத்துப் பார்த்தார். மானிட்டர் வயர் மாட்ட மேலே ஒன்று, கீழே படத்துக்கென்று தனியாகச் செருகிய கார்டில் ஒன்று என்று அச்சு அசலாக இரண்டு ஓட்டைகள், அதில் ஒன்றுதான் வேலை செய்யும் என்றதும் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"ஒண்ணுதான் வேலை செய்யும்னா இன்னொண்ணு எதுக்கு?"

"கார்டு இல்லாத பெட்டியில மேல இருக்கிறது வேலை செய்யும் அத்தை. உங்க பெட்டியில கார்டு இருக்கு, அதனால கீழ இருக்கிறதுலதான் மாட்டணும். மாத்தி மாட்டினா படம் வராது."

"அப்ப மேல இருக்கிறத அடைச்சுட வேண்டியதுதானே. உங்க ஆளுங்களுக்கு ஒரு துணித் துண்டு கூடவா கிடைக்கல?"

இத்தனை வருஷத்தில் நான் அப்படி யோசித்ததே இல்லை. மதியம் மூன்று மணிக்குள் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எந்த ஓட்டை எது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாமனார் கடைசிவரை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்.

இருந்தாலும் மாதக் கடைசியில் நிற்பது என்ற பேச்சை அவர் வாபஸ் வாங்கவில்லை. நானும் கேட்கப் பயந்து சும்மா இருந்தேன்.

மாதத்தின் கடைசி வாரம், ஒரு காலை ஏழரை மணிக்கு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். முந்தின நாள் தரை கழுவினார்களாம். எல்லா வயரையும் கழற்றி மறுபடி மாட்டியதில் வரவேற்பு மேசை மானிட்டர் இருட்டாகிவிட்டது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க இருபது பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், சீட்டுப் போட முடியவில்லை, உடனே வாருங்கள் என்றார். வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது அத்தை ஏழாவது ஆளுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சுத்திப் போய்ப் பாத்தேன், முன்பக்க விளக்கு எரியுது, வட்டு விளக்கும் சிமிட்டுது" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மானிட்டர் விளக்கு மட்டும் மஞ்சளா முழிச்சுது. அப்ப பெட்டியில குத்தமில்ல, படம் போற வழியிலதான்னு என் பக்கம் வந்து பின்னாடி பாத்தேன். காவல்காரத் தம்பி மேல மாட்டி வெச்சிருக்கு. கீழ மாத்தினேன், வந்துடுச்சு."

எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கையில் பையோடு விருந்தாளி மாதிரி நின்றேன். டாக்டரம்மா பக்கத்தில் வந்து சிரித்தார்.

"அன்னைக்கு எட்டேகால் வரைக்கும் ஒரு விளக்கப் பாத்துட்டு உக்காந்திருந்தது இவங்கதான்னு சொன்னா யாரு நம்புவா? யாரு உங்களுக்கு இப்படி சொன்னதுன்னு அப்பவே கேட்டேன். யாரும் சொல்லல, நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்னுட்டாங்க."

இத்தனை நாளாக ஆளாளுக்குக் கிண்டல் செய்திருக்கிறார்கள், அத்தை ஒரு தடவை கூட என் பெயரை எடுக்கவில்லை. வீட்டில் என்னிடமும் அதைச் சொல்லவில்லை.

"நான்தான் சொன்னேன், டாக்டர்" என்றேன். "போன்ல. எந்த விளக்குன்னு சொல்லாம வெச்சுட்டேன். அவங்க மேல தப்பே இல்ல."

ரத்தம் எடுக்கும் பெண் கையுறையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி, இனிமே எந்த விளக்குன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போய்விட்டார்.

அத்தை சீட்டை நீட்டி அந்த ஏழாவது ஆளை அனுப்பிவிட்டு, என்னை முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"உன்ன யாரு கேட்டா? எல்லாரும் மறந்தே போயிட்டாங்க."

"நீங்க ஏன் அத்தை என் பேர சொல்லல?"

"சொன்னா? நாளைக்கு உன்ன நம்பி எவன் பெட்டியத் திறக்க விடுவான்? நீ அதுல பொழைக்கிற. என்னப் பாத்து நாலு பேரு சிரிச்சா எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? சிரிச்சுட்டுப் போறாங்க."

"அதனாலதானே நிக்கப் போறேன்னு சொன்னீங்க."

"அது போன வாரம்" என்றார் அத்தை. "இப்ப பதிமூணு பேரு பசியோட உக்காந்திருக்காங்க. நீ கெளம்பு."