நெஞ்சுக்குள் நின்ற தண்ணீர்

தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவனுக்கு மருந்தைவிட வாய்தான் அதிகம் செலவாகும். அந்தப் பாடு பட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பையில் ஓட்டை

பாகூர் ஏரியில் வருஷா வருஷம் முங்கி மதகைத் திறக்கிறவன் முனுசாமி. காய்ச்சலும் இருமலுமாக வந்தான். துரை டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்த்தார். சளி நுரையீரலில் இறங்கிவிட்டது, இரண்டு மாசம் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். அதைத் தமிழில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவன் நான்.

மதகு திறக்க ஒரு மாசம்தான் இருந்தது. முங்காவிட்டால் அப்பன் காலத்திலிருந்து வந்த வேலை பங்காளி காத்தவராயனுக்குப் போய்விடும் என்று முனுசாமிக்குப் பயம். நெஞ்சுக்குள் இருப்பது தோல் பை, அதில் ஓட்டை விழுந்திருக்கிறது என்பது அவன் கட்சி. "தெச்சு வுட்டுடுங்க ஐயா, தண்ணியில எறங்கினா தன்னால உப்பிக்கும்."

சமைக்காத நுரையீரல்

காதர் பாய் கடையில் ஆட்டு நுரையீரல் வாங்கிவந்து அவன் கண்ணெதிரே அறுத்தேன். பை எங்கே என்று தேடினான். இருந்தால்தானே? உள்ளே முழுக்கப் பொடிப்பொடி அறைகள். சுவர் வெங்காயத் தோலைவிட மெல்லிசு, சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம். காற்று நல்லதைக் கொடுத்துக் கெட்டதை வாங்கிப்போவது அந்தச் சுவர் வழியாகத்தான். வெறும் பையாக இருந்தால் உள்ளே போன காற்றில் முக்கால்வாசி சுவரைத் தொடாமலே திரும்பிவிடும். உன் அறைகள் சிலவற்றில் நீர் கட்டி நிற்கிறது, அங்கே காற்றுக்கு இடமில்லை என்று தொண்டை வறளச் சொன்னேன்.

அந்த அறைகளை அவன் தண்ணீர் நிற்கும் கழனிகளாக எடுத்துக்கொண்டான். பிறகு வாரம் இரண்டு முறை வந்து மார்பைக் காட்டி ஒரே கேள்விதான் கேட்டான். "இன்னும் எத்தினி கழனி வடியணும்?"

கரையில் முங்கியவன்

மதகு திறக்கும் நாளன்று காத்தவராயன் ஏரியில் குதித்தான். முனுசாமி கரையில் என் பக்கத்தில் வாயை இறுக மூடி, கண் சிவக்க நின்றான். பாவம், அழுகையை அடக்குகிறான் என்று எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. மதகு திறந்தது. காத்தவராயன் மேலே வந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினான். முனுசாமி அசையவில்லை. பயந்துபோய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விட்டுவிட்டு, மதகு வேலைக்கு ஆள் வைக்கிற நாட்டாமையிடம் திரும்பினான். "அவன் மேல வந்துட்டான், நான் இன்னும் முங்கித்தான் இருந்தேன். வர்ற வருசம் யார எறக்குவீங்க?"

நுரையீரலைப் பற்றி ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லும் நான், நாட்டாமை முனுசாமி பேரைச் சொல்லும்வரை மூச்சுவிடவே மறந்துபோயிருந்தேன்.