காகிதப் பதினொருவர்

வாசலில் வண்டி வந்து நின்றால் சித்தப்பா அதன் கதவுச் சத்தங்களை எண்ணுவார். ஒரு கதவு மட்டும் சாத்தப்பட்டால் சாப்பாட்டைத் தொடர்வார். இரண்டு என்றால் கை தட்டிலேயே நின்றுவிடும். இறங்கியவர்களின் காலடி பக்கத்து வீட்டுக்குப் போனது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய் சோறு. மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் சந்துக்குள் கார் வருவது அபூர்வம். வந்தபோதெல்லாம் இதைப் பார்த்தேன், பதினோரு வருடம். காரணத்தை அவர் இறந்த பிறகு சின்னம்மா அலமேலு சொல்லித்தான் அறிந்தேன்.

சித்தப்பாவின் பெயர் மருதப்பன். முனிசிபலில் தண்ணீர் மீட்டர் படிக்கும் வேலை. சிவகங்கைப் பக்கம் பிறந்து பதினான்கு வயதில் கப்பலேறியவர். அவருக்கு இரண்டே நண்பர்கள். ஒருவர் நல்லையா, யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலப் பள்ளி ஆசிரியர். இன்னொருவர் தம்பிராஜா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி மலாய் பேசத் தொடங்கிய செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும். தமிழில் பேசினால் புரிந்துகொண்டு சிரிப்பார்.

1952இல் இவர்கள் மூவரும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். மலாக்கா நகரக் கால்பந்துப் போட்டிகளில் ஆடும் பல அணிகளிலிருந்து ஆளுக்குப் பதினொரு பேரைப் பொறுக்கி, காகிதத்தில் தன் சொந்த அணியை அமைத்துக்கொள்ள வேண்டும். உஜோங் பாசிர் மீனவர் அணியிலிருந்து ஒருவர், பத்து பெரெண்டாம் விமானத் திடல் அணியிலிருந்து ஒருவர், இப்படி. சனிக்கிழமை ஆட்டம். அதன் விவரம் பத்திரிகையில் வந்ததும் காப்பிக் கடையில் கூடிக் கணக்குப் போடுவார்கள். கோல் போட்டவனுக்கு மூன்று புள்ளி. கோல் விடாத கோல்கீப்பருக்கு இரண்டு. தேர்ந்தெடுத்த ஆள் அன்று மைதானத்துக்கே வராவிட்டால் இரண்டு புள்ளி போய்விடும். கணக்கெல்லாம் ஒரே நோட்டில். நல்லையா தன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த நோட்டு அது. அட்டையில் பள்ளியின் முத்திரையும் அவர் பெயரும் இருந்தன.

அந்த வருடம் ஊரில் சிறந்த அணி போலீஸ் அணிதான். மூவருமே அதிலிருந்து ஆட்களை எடுத்தார்கள். ஆனால் அது அவசரகாலம், காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு போரிட்டுக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள்களைத் திடீரென்று காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சித்தப்பா எடுத்த முன்வரிசை ஆட்டக்காரர் ஹாஷிம் என்பவர் இரண்டு வாரம் தொடர்ந்து வரவில்லை. நான்கு புள்ளி போயிற்று. நல்லையா விடவில்லை.

“என்ன மருதப்பர், உம்மட ஆள் காட்டுக்குள்ள முயல் பிடிக்கப் போயிட்டாரோ?”

“அடுத்த வாரம் பாருங்க சார். எவன் காட்டுல இருப்பான், எவன் மைதானத்துல இருப்பான்னு உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்” என்றாராம் சித்தப்பா.

அவர் சொன்னபடியே செய்தார். போலீஸ் குடியிருப்பின் மீட்டர்களும் அவர் சுற்றில்தான் இருந்தன. மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டே கான்ஸ்டபிள்களின் மனைவிமாரிடம் பேச்சுக் கொடுப்பார். சனிக்கிழமை வீட்டுக்காரர் ஆடுகிறாரா? இல்லை, வெள்ளி காலையில் காட்டுக்குப் போகிறார், நான்கு நாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவுக் காவல். அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். கேட்பவர் தண்ணீர்க்காரர்தானே.

சித்தப்பா அதையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தார். பெயர், காவல் எண், காட்டுக்குப் போகும் நாள், திரும்பும் நாள். அந்தச் சனிக்கிழமை ஆட வராதவர்களின் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. ஐந்து வாரத்தில் நல்லையாவைத் தாண்டிவிட்டார். மீட்டர் படிக்கிறவருக்கு எதையும் உடனே குறித்துக்கொள்வது தொழில். வேறு யார் கண்ணில் அது என்னவாகத் தெரியும் என்று அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கு முடிந்ததும் நோட்டைக் காப்பிக் கடையின் பத்திரிகை அடுக்கில் மறந்துவிட்டுக் கலைந்தார்கள். மத்தியானம் கடையில் அடையாள அட்டைச் சோதனை நடந்தது. வந்த போலீஸாரில் ஒருவர் நோட்டைப் புரட்டினார். திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் ஒரு கார் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள். நல்லையா வகுப்பிலிருந்தே அவர்களோடு போனார்.

செய்தியைத் தம்பிராஜா வந்து சொன்னபோது சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அன்று முழுவதும் குளியலறையை விட்டு வரவில்லை என்றார் சின்னம்மா. ஆனால் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். புதன்கிழமை போலீஸ் குடியிருப்பு முறை. மூன்றாவது வீட்டு மீட்டரில் குனிந்திருந்தபோது அந்த வீட்டம்மா தானாகச் சொன்னார்: இங்கே வந்து வீட்டுக்காரர்களைப் பற்றி விசாரித்தது யார் என்று பெரிய அதிகாரிகள் கேட்டார்கள். யாரும் வருவதில்லை, தண்ணீர்க்காரர் மட்டும்தான் வருவார் என்று நான் சொன்னேன்.

சித்தப்பா அந்த மீட்டரின் எண்ணைத் தப்பாக எழுதினார். எட்டு வருட வேலையில் முதல் தப்பு.

அன்று சாயங்காலம் நல்லையாவின் மனைவி சிவகாமசுந்தரி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“தம்பி, அது உம்மட கையெழுத்தெண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் உம்மட பேரைச் சொல்லேல்லை. நீரே போய்ச் சொல்லும். விளையாட்டுக்குக் கேட்டனான் எண்டு சொன்னாப் போதும்.”

“நாளைக்குப் போறேன் அக்கா.”

மறுநாள் சைக்கிளில் ஆற்றுப் பாலம்வரை போனார். பாலத்தைத் தாண்டினால் போலீஸ் நிலையம். திரும்பிவிட்டார். அதற்கு அடுத்த நாளும் பாலம்வரைதான். “‘கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க அலமேலு, நான் இங்க பொறந்தவன் இல்லை’ன்னு அழுதாருடி” என்று சின்னம்மா என்னிடம் சொன்னார். அது வெறும் கற்பனையும் இல்லை. அந்த வருடங்களில் அப்படி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அனுப்பப்பட்ட ஒருவரின் வீடு எங்கள் சந்திலேயே பூட்டிக் கிடந்தது.

கடைசியில் தம்பிராஜாதான் போனார். மூன்று மாதப் பத்திரிகைகளைக் கட்டிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு நிலையத்துக்குள் நுழைந்து, “பொலா சஜா, துவான்” என்றாராம், வெறும் பந்து விளையாட்டு ஐயா என்று. நோட்டின் ஒவ்வொரு வாரக் கணக்கையும் பத்திரிகையோடு ஒத்துக் காட்டினார். ஹாஷிமையும் அழைத்து விசாரித்தார்கள். தனக்கு இருபத்தேழு புள்ளி என்று கேட்டு அவர் சிரித்துவிட்டார். கடைசிப் பக்கங்கள் யார் எழுதியது என்ற கேள்விக்கு, மூவரும் எழுதுவோம் என்றார் தம்பிராஜா. நல்லையாவோ எல்லாம் நான்தான் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

பத்தொன்பதாம் நாள் நல்லையாவை விட்டார்கள். பள்ளி விடவில்லை. காவலர்களின் நடமாட்டத்தைச் சேகரித்ததாக ஒப்புக்கொண்ட ஆசிரியரை எப்படித் திரும்ப எடுப்பது என்றது நிர்வாகம். அவற்றை எழுதியது வேறொருவர் என்று அந்த ஆளே கையெழுத்திட்டுக் கொடுத்தால் யோசிக்கலாம் என்றார்கள்.

நல்லையா எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார். கோபிக்கவே இல்லையாம்.

“ரெண்டு வரி எழுதித் தந்தாக் காணும், மருதப்பர். நான்தான் எழுதினேன், விளையாட்டுக்கு எழுதினேன். அவ்வளவுதான். என்னை வெளியில விட்டிட்டாங்கள், உம்மையும் ஒண்டும் செய்யமாட்டாங்கள்.”

“இந்த வாரம் எழுதித் தந்திர்றேன் சார்.”

அந்த வாரம் எழுதவில்லை. அவசரகாலம் ஓயட்டும் என்றார். ஓயும்முன் மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரம் பெற்றது. குடியுரிமை கிடைக்கட்டும் என்றார். கிடைத்தது. பென்ஷன் உறுதியாகட்டும் என்றார். நல்லையா பள்ளிக்குத் திரும்பாமல், பத்து பெரெண்டாமில் ஒரு மர ஆலையில் கூலிச் சீட்டு எழுதும் வேலைக்குப் போனார். நண்பர்கள் மறுபடி அந்தக் காப்பிக் கடையில் சேர்ந்து உட்காரவில்லை.

சித்தப்பாமேல் எனக்குக் கோபம் வர வேண்டும். முயன்று பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். போன மாதம் அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் நிரப்பினேன். உறவினர் எவரேனும் பாதுகாப்புக் காரணத்துக்காக விசாரிக்கப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். அது உண்மைதான், சித்தப்பாவை யாருமே விசாரிக்கவில்லை. எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி யார் தந்தது என்று தெரிந்துகொண்டே விண்ணப்பத்தைத் தபாலில் போட்டேன். பாலம்வரை போனவரைக் கேட்க நான் யார்?

சித்தப்பா இந்த வருடம், 1963, மார்ச் மாதம் மாரடைப்பில் இறந்தார். காரியம் முடிந்த பிறகு நான் மர ஆலைக்குப் போனேன். நல்லையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐம்பது வயது அவருக்கு. மருதப்பர் வேதனைப்படாமல் போனாரா என்று விசாரித்தார். பிறகு தயங்கி, “கடிதம் ஏதும் வைச்சிட்டுப் போனவரோ, பிள்ளை?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். நடந்ததை நான் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நோட்டில் எழுதின ஆளின் கையெழுத்துத்தான் பள்ளிக்கு வேண்டுமாம்.

ஆசிரியர்களுக்கு ஓய்வு வயது ஐம்பத்தைந்து. பள்ளிக்குத் திரும்ப அவருக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அந்த இரண்டு வரி இன்னும் கொடுக்கப்படவில்லை.