நாய்கள் தொடாத மூட்டைத் தீனி

முதல் நாள்

சத்துணவு மையத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு நாய்க் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில், சிமெண்ட் லாரிகள் பறக்கிற பாதையில் இருக்கிறது அது. லாரியில் அடிபட்டது, கால் ஒடிந்தது, குட்டியோடு குப்பையில் வீசப்பட்டது எல்லாம் அங்கே வந்து சேரும். எந்த ஊரில் பிடித்தார்களோ அந்த ஊர்தான் நாய்க்குப் பெயர். "ஜெயங்கொண்டம் திருமானூரைக் கடிச்சிருச்சு" என்று யாராவது கத்தினால் புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள்.

சமையல் எங்கே செய்வது என்று மேனேஜரிடம் கேட்டேன். திருச்சிக்காரர், என் மகன் வயது. சிரித்துவிட்டார்.

"சமையலா? அதெல்லாம் இல்ல தனம்மா. நம்ம நாய்ங்களுக்குக் கம்பெனி சாப்பாடு. மூட்டையப் பிரிச்சுத் தட்டுல போட வேண்டியதுதான். அந்தச் சின்ன அடுப்பு பேஷண்ட் ரூமுக்கு மட்டும்."

பேஷண்ட் ரூம் என்பது முதுகெலும்பு உடைந்து படுத்தே கிடக்கிற நாய்களின் அறை. அவற்றுக்குக் கஞ்சியும் முட்டையும். மற்ற எல்லாவற்றுக்கும் மூட்டை. மூட்டையின் மேல் பளபளவென்று ஓர் அல்சேஷன் படம் போட்டிருக்கும். உள்ளே இருப்பது கோலிக்குண்டு மாதிரி கெட்டியான பழுப்பு உருண்டைகள்.

சத்துணவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் டீச்சரோ நாங்களோ வாயில் வைத்துப் பார்த்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தேன். பழைய எண்ணெயின் காரல். துப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன். "ஐயோ, நாய் திங்கறத நீங்க ஏம்மா தின்னீங்க?" என்று மேனேஜர் பதறினார். நாய் தின்பதைப் பற்றி அவருக்கு ஒரு பதற்றமும் இல்லை.

மூட்டை எல்லாம் இனாம். கோழித்தீவன மில் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர், அந்த மில்லிலேயே நாய்த்தீனி செய்ய ஒரு மெஷினும் இறக்கியிருந்தார். மாதம் தவறாமல் வண்டி அனுப்புவார். அவர் கும்பிட்டபடி நிற்கிற பிளெக்ஸ் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வருகிற நாய்கூட அவர் காலடியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

கோழித் தண்ணீர்

மூன்றாம் வருடம் மார்கழியில் விடாத மழை. பொங்கல் முடிந்து வந்த லோடை நாய்கள் தொடவில்லை. முதலில் தின்னாமல் விட்டது குன்னம். குன்னம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டாக் கடை வாசலில் வளர்ந்த செவலைப் பெட்டை. யார் கையை நீட்டினாலும் தலையைக் கொண்டுவந்து வைப்பாள். நாலு பேர் பார்த்துப் பார்த்துப் போட்டு வளர்த்த உடம்பு. தட்டை ஒரு தரம் மோந்தாள். பிறகு மூக்கால் சிமெண்ட் தரையைத் தள்ளித் தள்ளி, மண் போட்டு மூடுகிற மாதிரி செய்தாள். வேண்டாதது எதிரே கிடந்தால் நாய் அப்படித்தான் செய்யும்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பசிச்சா தானா திங்கும். தெருவுல குப்பையக் கிளறினதுங்கதானே?" என்றார்.

மறுநாளும் தட்டுகள் அப்படியே இருந்தன. அதற்கடுத்த நாள் அவரே ஒரு யோசனையோடு வந்தார். பிராய்லர் கடையில் கழிக்கிற கோழிக்கால்களை வாங்கி வேக வைத்து, அந்தத் தண்ணீரை உருண்டையின் மேல் ஊற்ற வேண்டும். "மோந்து பாத்தா கோழி வாசனதான் வரணும். அப்புறம் பாருங்க வேடிக்கய."

வேடிக்கையைப் பார்த்தேன். தட்டை நக்கி நக்கிப் பளிச்சென்று வைத்துவிட்டன. குன்னமும் தின்றாள். மேனேஜர் அதை வீடியோ எடுத்து மில்காரருக்கு அனுப்பினார். அவர் கை கூப்புகிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார். அன்று முதல் தினமும் கோழிக்கால் வேக வைப்பது என் வேலையாகிவிட்டது. வேண்டாம் என்று நாய்கள் சொல்லிவிட்டன. அதை நாங்கள் கோழி வாசனை போட்டு அமுக்கினோம்.

மஞ்சள்

மாசி பிறந்தபோது குன்னம் வாந்தி எடுத்தாள். மூத்திரம் மஞ்சள் கரைத்த தண்ணீராகப் போனது. கண்ணின் வெள்ளை, காது மடலின் உள்பக்கம், ஈறு எல்லாம் மஞ்சள். காப்பகத்துக்கு வழக்கமாக வருகிற கால்நடை டாக்டரம்மா வந்து எலிக்காய்ச்சலாக இருக்கும் என்று ஊசி போட்டார். உண்ணிக் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்தார். மறுநாள் திருமானூர் படுத்தான். அவனுக்குப் பின்னால் வரிசையாகப் படுத்தன. வாரம் முடிவதற்குள் குழி வெட்ட ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

டாக்டரம்மா எதேச்சையாகப் பேஷண்ட் ரூமுக்குள் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். ஒரு நாய்க்கும் மஞ்சள் இல்லை.

"எலிக்காச்சல்னா எழுந்திரிக்க முடியாத இதுங்களுக்குத்தானே முதல்ல வந்திருக்கணும்? இதுங்களுக்கு என்ன போடுறீங்க?"

"கஞ்சியும் முட்டையும்ங்க."

"மூட்டை?"

"இதுங்களால மெல்ல முடியாதுங்க. போடுறதில்ல."

ஸ்டோர் ரூமுக்கு வந்து ஒரு மூட்டையைப் பிரித்து மோந்தார். முகம் மாறிவிட்டது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் ஈரலைக் கெடுத்துவிடும், அந்த விஷம் சூட்டில்கூடப் போகாது என்று எங்களுக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். உடனே தீனியை நிறுத்தச் சொன்னார். லேபுக்கு சாம்பிள் அனுப்பலாம் என்றபோது மேனேஜர் குறுக்கே விழுந்தார்.

"வேணாம் மேடம். ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு வந்துட்டா அவர் பேரு வெளிய வந்துடும். நாளைக்கு யாரு நமக்கு டொனேஷன் குடுப்பா?"

சாம்பிள் போகவில்லை, தீனியும் நிற்கவில்லை. குன்னம் அன்று மத்தியானமே போய்விட்டாள். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. கடைசி வரை வாலை மட்டும் லேசாக ஆட்டினாள். என் கையில் அப்போதும் கோழி வாசனை இருந்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கோழிச் சட்டியைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டு மிதித்தேன்.

மில்காரர்

பேத்தி பிறந்தநாளுக்காக மில்காரர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். கேக், போட்டோகிராபர், இன்னொரு லோடு மூட்டை. பார்த்தால் கொடுமைக்காரராகத் தெரியாது. "நல்லாருக்கீங்களாம்மா?" என்று என்னையும் விசாரித்தார். நான் நேராகவே கேட்டேன்.

"மூட்டையில போட்டிருக்கிறது எந்தச் சோளம்ங்க?"

அவர் கோபப்படக்கூட இல்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"அது கோழிக்கு ஆவாத சோளம்மா. ரோட்டுல காயப் போட்டிருந்தாங்க, மழையில நனைஞ்சு போச்சு. அதக் கோழிக்குப் போட்டா முட்ட கொறஞ்சிரும். பண்ணக்காரன் மில்லு வாசல்ல வந்து நிப்பான். நாயி என்ன, முட்டையா வுடப் போவுது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார்.

"எங்க நாயிங்க சாவுதுங்க" என்றேன்.

"தெருவுல கெடந்திருந்தா எப்பவோ லாரியில மாட்டிச் செத்திருக்கும். இங்க வவுறு நெறயத் தின்னுட்டுத்தானம்மா போவுது" என்றார். பேத்தியின் கையைப் பிடித்து ஒரு நாயின் தலையில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். எந்த நாய் மஞ்சள் இல்லாமல் நிற்கிறது என்று தேடிப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தியவர் எங்கள் மேனேஜர்.

ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு போன்

மூட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் தான் இனிமேல் வரப்போவதில்லை என்று டாக்டரம்மா கறாராகச் சொன்னதால் மேனேஜர் வழிக்கு வந்தார். பெரிய அடுப்பு வந்தது. நொய்யரிசி, பூசணி, கோழித்தலை என்று ஆக்கிப் போட்டோம். படுத்தவற்றில் சில எழுந்துகொண்டன. மில்காரரின் பிளெக்ஸ் மட்டும் இறங்கவில்லை. மனசு நோகும் என்றார்கள்.

மூட்டைகளை ஏற்ற வந்த டிரைவரிடம் மில்லுக்குத்தானே போகிறது என்று கேட்டேன். இல்லையாம். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு பொம்பளைப் பிள்ளை முந்திரித் தோப்பில் தனியாளாக நாய்களை வைத்துக்கொண்டிருக்கிறது, அங்கே தர்மத்துக்கு இறக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். நம்பர் வாங்கி அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"நீங்க சொல்றது சரிதான்க்கா" என்றாள். பின்னால் நாய்கள் குரைக்கிற சத்தம் கேட்டது. "நேத்தும் இதுங்களுக்கு ஒண்ணும் போடல. இந்த மூட்டையயும் வேணாம்னு அனுப்பிட்டா, இப்ப எதப் போடட்டும்? நீங்களே சொல்லுங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டே, எங்கள் அரிசியில் ஒரு மூட்டை அனுப்பலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். இங்கேயே பத்தவில்லை என்றார். அது பொய்யும் இல்லை. போனைத் திரும்பக் காதில் வைத்து, இங்கேயும் அரிசி பத்தவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவளே வைத்துவிட்டாள்.

காப்பகம் ஆரம்பிக்கப் போகிறோம் என்று இப்போது சின்னப் பிள்ளைகள் என்னிடம் விவரம் கேட்டு வருகிறார்கள். வண்டி, வலை, கூண்டு எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருக்கிறார்கள். தினமும் என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்டால், "யாராவது குடுப்பாங்க ஆன்ட்டி" என்கிறார்கள். யார் கொடுப்பார்கள், எதைக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்கிறேன். தெருவில் திரிகிற நாய், பிடிக்காததை மோந்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடும். நாம் காப்பாற்றிக் கதவைச் சாத்திய நாய்க்கு அடுத்த கடை கிடையாது.