நீங்காவா, நீக்கியா

அந்த ஊரில் நான் வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியமே தப்பு. டீக்கடையில் நின்று, "கல்லு பாக்க வந்திருக்கேங்க" என்றேன். கல்வெட்டு என்று முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஆற்றங்கரையோடு ஒன்றரை மணி நேரம் நடந்து நாக்கு வறண்டு போயிருந்தது, அதனால் சொல்லைப் பாதியில் விழுங்கிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு என் மீதே எரிச்சல் வருகிறது.

அப்போது நான் கும்பகோணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சர். எம்.ஏ. படிக்கும்போது கல்வெட்டு எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடை, தண்ணீர் பாட்டில், நோட்டு, கல்லைத் தேய்க்கத் தேங்காய் நார் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு என்று ஏதாவது ஒரு பாலத்தில் இறங்கிக் கரையோடு நடப்பேன். இடிந்த கோயில் ஏதாவது கண்ணில் பட்டால் போதும், அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம். "சாமி இருக்கிற கோயில் எதுவும் உனக்கு ஆகாதே" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

ஆனால் நான் போன காலம் சரியில்லை. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்களின் பெயரை அரசாங்கக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. ஒரு தடவை பெயர் ஏறிவிட்டால் அப்புறம் அந்த ஆளை நிலத்தைவிட்டு அசைப்பது கஷ்டம். அதனால் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்ள மிராசுதார்கள் எல்லாரும் அலைந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் நில உச்சவரம்புச் சட்டத்துக்காக நிலத்தை அளந்துகொண்டிருந்தார்கள். அந்த வருஷம் தஞ்சாவூர் ஜில்லாவில் கல் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சர்வே கல்.

"தாசில்தார் ஆபீஸுங்களா?" என்றார் டீக்கடைக்காரர், கிளாஸை அப்படியே வைத்துவிட்டு.

"இல்லைங்க, நான் ஸ்கூல் டீச்சர்."

"அதானே பாத்தேன். சென்சஸுக்கும் ஓட்டு லிஸ்டுக்கும் வாத்தியாருங்களத்தானே அனுப்புறாங்க. இப்ப நெலம் அளக்கவும் உங்களையே விட்டுட்டாங்களா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். பக்கத்து வயல்காரன் வரப்பை ரெண்டடி நகர்த்திவிட்டான் என்று ஒருத்தர் அழாத குறையாகச் சொன்னார். வாய்க்கால் புறம்போக்கில் மாட்டைக் கட்டியிருந்தவர் அவசர அவசரமாக அவிழ்த்துக்கொண்டு போனார். யாரோ இளநீர் வெட்டிக் கொண்டுவந்து நீட்டினார்கள். "ஐயோ, நான் சரித்திரங்க, சரித்திரம்" என்று கத்தினேன். "என்னவா வேணா இருங்கம்மா, எங்க வரப்ப மட்டும் ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுங்க" என்றார் வரப்புக்காரர். கோபத்தில் எனக்கு இளநீர்கூட இறங்கவில்லை.

கூட்டத்தில் ஒருத்திதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்துக்குள். தலையில் சும்மாடு, கையில் பித்தளைச் செம்பு. "கோயில் கல்லா டீச்சர், வயக்கல்லா?"

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "கோயில் கல்லும்மா. எழுத்து வெட்டியிருக்குமே, அது."

"வாங்க, நான் காட்டுறேன்."

ஆற்றில் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. மணலில் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மணலில் இறங்கி அக்கரை ஏறினோம். கரையில் நாணல் காய்ந்து கிடந்தது. நடந்துகொண்டே அவள் தன் கதையைச் சொன்னாள். கோயிலை ஒட்டின ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கர் வரும், அவர்கள் சாகுபடி. மாமனார் செய்தார், புருஷன் செய்தான். புருஷன் பாம்பு கடித்துப் போன பிறகு இவள் செய்கிறாள். வாரத்துக்குத்தான், விளைச்சலில் ஒரு பங்கு மிராசுதாருக்கு. ஆனால் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இப்போது மிராசுதாருடைய காரியஸ்தர் ஒரு பத்திரம் எழுதி வைத்துக்கொண்டு கைநாட்டு வைக்கச் சொல்கிறார். தான் குத்தகைக்காரி இல்லை, அன்றாடக் கூலிக்கு வந்தவள் என்று அதில் எழுதியிருக்கிறதாம்.

"புதன்கெழம அதிகாரி வந்து பேரு ஏத்த விசாரிக்கிறாங்க. அதுக்குள்ள வெச்சிடணுமாம்."

"வைக்காதே" என்றேன் பட்டென்று.

"வெக்கல டீச்சர். ஆனா எத்தன நாளு? அந்தக் கல்லுல எங்க குடிய நெலத்த விட்டு எழுப்பக் கூடாதுன்னு ராசா எழுதி வெச்சிருக்காருன்னு மாமனாரு சொல்லுவாரு. அது நெசமா, சும்மா சொன்னாரான்னு தெரியணும்."

ராஜாவின் கல்லெல்லாம் சட்டத்தில் செல்லாது, தாசில்தார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்று சொன்னேன். அவள் நின்றாள்.

"தாசில்தாருக்கு இல்லீங்க டீச்சர். எனக்கு. அவரு கேள்வி கேக்கயில நான் நிமிந்து நிக்கணும்ல? அதுக்கு."

கோயில் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பாதி விமானம், அதைப் பிளந்துகொண்டு அரசமரம். நின்ற தூண்களில் ஒன்றில் ஒரு கட்சியின் கொடி வர்ணம், அடுத்ததில் எதிர்க்கட்சியின் வர்ணம். இருந்த ஒரே சுவரில் 'உழுதவனுக்கே நிலம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள், கல்வெட்டு வரிகளின் மேலேயே. எழுதினவன் கையில் கிடைத்தால் நாலு சாத்து சாத்தியிருப்பேன். அவன் சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எழுத வேறு சுவரா கிடைக்கவில்லை?

அவள் காட்டிய கல் சுவரில் இல்லை. எப்போதோ விழுந்ததைத் தூக்கிக்கொண்டு போய் வயலின் மூலையில் நட்டிருந்தார்கள். நட்டது மட்டுமா? சர்வேக்காரர்கள் அதையே எல்லைக் கல்லாக எடுத்துக்கொண்டு நடுவில் ஓர் அம்புக்குறி வெட்டி, வருஷக் கணக்கு பார்க்கும் ஜமாபந்திக்கு ஜமாபந்தி சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தார்கள். "கர்மம்! கர்மம்!" என்று வாய்விட்டே கத்தினேன். டீக்கடையில் நான் சொன்னது கடைசியில் பொய்யில்லை. நான் பார்க்க வந்த கல் சர்வே கல்லேதான்.

அவள் ஊற்றிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் கொண்டுவர, நான் நாரால் தேய்த்தேன். உச்சி வெயில். கொஞ்சம் கொஞ்சமாக எழுத்து வந்தது. ஆறு மா என்பது தெரிந்தது. ஆற்றுக்குத் தெற்கு என்பது தெரிந்தது. தேவதானம் என்பது தெரிந்தது, அதாவது கோயிலுக்கு விட்ட நிலம். அதற்கு முன்னால் 'குடி நீ' என்று இருந்தது. அடுத்த இரண்டு எழுத்தின் மேல்தான் அந்த அம்புக்குறி. மிச்சம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு கல்லாக இறுகிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துக் காரியஸ்தர் சைக்கிளில் வந்து இறங்கினார். டீக்கடைச் செய்தி அதற்குள் மிராசுதார் வீட்டுக்குப் போய்விட்டது. வெள்ளை வேட்டி, நல்ல மரியாதை. "வணக்கம் டீச்சர். வெயில்ல கஷ்டப்படுறீங்களே. என்ன போட்டிருக்கு?"

அவளும் அதையே கேட்டாள். "என்ன டீச்சர் போட்டிருக்கு?"

இங்கேதான் என் வாய்க்குக் கேடு வந்தது. வகுப்பில் ஒரு கொம்பு விட்டுப்போனால்கூட அரை மார்க் குறைக்கிறவள் நான். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல எனக்கு வராது. கரும்பலகை முன்னால் நிற்கிற நினைப்பில் விளக்க ஆரம்பித்துவிட்டேன். "குடி நீங்கா தேவதானம்னும் இருக்கலாம், குடி நீக்கித் தேவதானம்னும் இருக்கலாம். ரெண்டு வழக்கமும் உண்டு. நீங்கான்னா அங்க இருந்த குடிகளை எழுப்பாம கோயிலுக்குக் கொடுத்தது. நீக்கின்னா எழுப்பிட்டுக் கொடுத்தது. இதுல எதுன்னு இந்தக் கல்லுல தெளிவா இல்ல."

"எழுப்பிட்டா?" என்றார் காரியஸ்தர்.

"அப்படியும் இருக்கலாம்னுதான் சொன்னேன்."

"இல்லல்ல, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். படிச்சவங்க." அவர் அவள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா? அந்தக் காலத்துலயே எழுப்பித்தான் விட்டிருக்காங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை!" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். அவள் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மையும் காகிதமும் கொண்டுவருகிறேன், படி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும் என்று அவளிடம் சொன்னேன். "புதன்கெழம விசாரணை டீச்சர்" என்றாள் மெதுவாக. கேட்டது. காதில் நன்றாக விழுந்தது. எனக்கு நான்கு மணி பஸ். மறுநாள் முதல் பள்ளியில் அட்மிஷன் வேலை. தலைமையாசிரியையிடம் லீவு கேட்டால் முகம் சுளிப்பார். செவ்வாய்க்கிழமை வந்திருக்கலாம். ஒரே ஒரு நாள் லீவு. அதைப் போட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸிலேயே போனேன். ராத்திரி மேற்கே மழையாம், ஆற்றில் செந்தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் கால் வைத்து நடந்த மணல் காணோம். பாலத்துக்குத் திரும்பிப் போய்ச் சுற்றிக்கொண்டு வர முக்கால் மணி. வழியெல்லாம் ஆற்றைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் இளவெயில் கல்லின் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது, அந்த ஒன்று மட்டும் நல்லது. சுண்ணாம்பை மூங்கில் குச்சியால் பொட்டுப் பொட்டாகப் பெயர்த்தேன். நனைத்த காகிதத்தை ஒட்டிப் பிரஷ்ஷால் அடித்து, மைப் பொட்டணத்தால் ஒற்றினேன்.

அம்புக்குறிக்கு வலது பக்கம், காகிதத்தில், வெள்ளையாக ஒரு செங்குத்துக் கோடு. அது துணைக்கால். 'கி'க்குக் கால் கிடையாது, 'கா'வுக்குத்தான் உண்டு. நீங்கா. குடி நீங்கா தேவதானம். அந்த மாமனார் சும்மா சொல்லவில்லை. வயதை மறந்து வரப்பில் ஓடினேன்.

தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அவள் அந்த ஆறு மாவிலேயேதான் இருந்தாள். போர்செட் தண்ணீர் விட்டு நாற்றங்காலுக்குச் சேறு அடித்திருந்தார்கள். நாலைந்து பெண்களோடு குனிந்து தழை மிதித்துக்கொண்டிருந்தாள். கரையில் காரியஸ்தரின் சைக்கிள் நின்றது.

"நீங்காதான்!" என்று வரப்பிலிருந்து கத்தினேன். "நீங்காதான் போட்டிருக்கு! பாரு, கால் தெரியுது!"

மற்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். காகிதத்தைத் தொடாமல் பார்த்தாள். நான் காட்டிய கோட்டை அவள் கண் தேடிப் பிடித்தது.

"கைநாட்டு வெச்சிட்டேன் டீச்சர்" என்றாள். "செவ்வாக்கெழம சாயங்காலம்."

"ஏன்? நான்தான் வைக்காதேன்னு சொன்னேனே! படி எடுத்துப் பாத்துச் சொல்றேன்னேனே!" எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேலேயே வந்தது, அதுதான் கொடுமை. "தெளிவா இல்லன்னுதானே சொன்னேன், எழுப்பச் சொல்லியிருக்குன்னா சொன்னேன்? எனக்குச் சந்தேகமா இருக்குன்னுதானே சொன்னேன்?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"சந்தேகம் உங்களுக்குத்தானே டீச்சர் இருந்துச்சு? நீங்க வர்றதுக்கு முன்னால எனக்கு இருந்ததே இல்லியே."

காரியஸ்தர் கரையிலிருந்து குரல் கொடுத்தார். "கூலிக்கு வந்தா வேலையப் பாக்கணும்." அவள் போகத் திரும்பினாள். இரண்டடி போய் நின்று, "காயுதம் ஈரமா இருக்கு டீச்சர், மடிச்சிடாதீங்க, மை ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.