வாள்காரனுக்குப் பெண்

ஒருவன் அடிவாங்குவதைக் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பீர்கள், விசிலும் அடிப்பீர்கள். அவனுக்கு உங்கள் பெண்ணைக் கொடுப்பீர்களா?

அவசரப்பட வேண்டாம். ரோமாபுரிக்காரர்களே இதில் சறுக்கியவர்கள்தான். லத்தீனில் வாளுக்கு ‘கிளாடியஸ்’ என்று பெயர். அதைப் பிடித்தவன் கிளாடியேட்டர், வெறும் வாள்காரன். அவன் உருவத்தை விளக்குகளில் பொறித்தார்கள், பேரைச் சுவரில் கிறுக்கினார்கள். சட்டத்திலோ அவன் மானங்கெட்டவன். அடிமைகள் மட்டுமில்லை, சுதந்திரமாய்ப் பிறந்த சிலரும் தாங்களாகவே சத்தியம் செய்து அரங்கில் இறங்கினார்கள். இறங்கிய அன்றே மரியாதை போயிற்று. பல்கலைக்கழகத்தில் நான் படிப்பது இந்தக் கூத்தைத்தான்.

வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அண்ணை. பகலில் வங்கி, மாலையில் குத்துச்சண்டை. ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய ரெய்னர்ஸ் லேனில், சாமான் வாங்கும் தமிழ்க் கடையின் கண்ணாடியில், அரிசிமா விலைக்கும் கோயில் தேர் அறிவித்தலுக்கும் நடுவே, வெறும் மார்போடு அவர் முறைக்கிற போஸ்டர். கடைக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் “எங்கட பெடியன்” என்று டிக்கெட் விற்றார். அம்மா வெட்கத்தில் அந்தக் கடைப்பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

வெட்கத்துக்குக் காரணம் கலியாணப் பேச்சு. பெண் பக்கத்து ஹரோவில். இரண்டு பேரும் போனில் பேசத் தொடங்கி, அண்ணை குளிக்கும்போது பாடுகிற அளவுக்கு முற்றிவிட்டது. சண்டை விஷயம் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டாரிடம் அம்மா வங்கியைச் சொன்னார், மற்றதை விழுங்கிவிட்டார். ஆனால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க எங்கள் ஆட்கள் முதலில் போகிற இடம் தமிழ்க் கடை. அம்மா இதை எப்படி மறந்தாரோ!

சனிக்கிழமை சண்டை. அண்ணை வென்றார். இடக்கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியது. ஞாயிறு பெண் வீட்டார் வருகை. அம்மா அந்தக் கண்ணில் பவுடரை அப்பிவிட்டு, மேசையில் கிளாடியோலஸ் பூக்களை வைத்தார். அதுவும் லத்தீன்தான், ‘சின்ன வாள்’ என்று அர்த்தம் என்றேன்.

“வாயைப் பொத்திக்கொண்டு வடையைத் தட்டு.”

பெண் வந்தாள், தாய் வந்தார், தகப்பன் வந்தார். தகப்பனுக்குக் குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

அம்மா அவரிடம் முந்திக்கொண்டார். “மூத்தவனுக்குக் கண்ணிலை அலுமாரிக் கதவு இடிச்சுப்போட்டுது.”

“ஓம் அக்கா, நானும் அந்த அலுமாரியைப் பாத்தனான்,” என்றார் அவர் கரகரத்து. “சிவப்புக் காற்சட்டை போட்டிருந்தது. மூண்டாம் ரவுண்டிலை விழுந்திட்டுது.”

கடைக்காரர் அவருக்கும் ஒரு டிக்கெட் விற்றிருக்கிறார். கத்திக் கத்தித்தான் தொண்டை போயிருக்கிறது. அண்ணை சிரித்தார். சரி, கலியாணம் நிச்சயமாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

“அடி எண்டா அடி, தம்பி! ஆனா பிள்ளையைத் தர ஏலாது,” என்றார் தகப்பன்.

“அப்பா,” என்றாள் பெண், “ராத்திரி சோபாவுக்குக் குத்திக் காட்டினது ஆர்?”

“அது வேறை.”

“என்ன வேறை?” என்றார் அண்ணை.

ரோமாபுரியை எடுத்துத் தகப்பன் தலையில் போட எனக்கு நாக்கு அரித்தது. அதற்குள் அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

“ஊரிலையும் இயக்கத்திலை சேந்து சண்டைக்குப் போன பெடியளுக்குக் கை தட்டினனான், தம்பி. மாலையும் போட்டனான். ஆனா என்ரை வீட்டிலையிருந்து ஒருத்தரையும் அனுப்பேல்லை. மாலை போட்டதிலை கனபேர் திரும்பி வரேல்லை. நேற்று நீங்கள் ஒருக்கா விழுந்தனீங்கள் எல்லோ? நான் கத்தினது எழும்பச் சொல்லி. வீட்டை வந்து இவளைப் பாத்தன். நித்திரை வரேல்லை.”

யாரும் வடையைத் தொடவில்லை.

“பொக்சிங்கை விட்டிட்டு வாங்கோ. சந்தோசமாத் தாறன்.”

“நான் விடச் சொல்லேல்லை,” என்று பெண் அண்ணையைப் பார்த்துச் சொன்னாள். “நீங்கள்தான் யோசிக்கோணும்.”

என் புத்தகங்களில் அரங்கத்துக் கூட்டம் என்பது ஒரே மிருகம். கத்தும், இரத்தம் கேட்கும், கலைந்து போகும். அதிலிருந்து ஒருவர் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்து மகளைப் பார்த்துப் பயப்படுவார் என்று நான் யோசித்ததே இல்லை. பாசாங்கு என்று அவரைத் திட்ட வசதியாகத்தான் இருக்கிறது. திட்ட முடியவில்லை. அண்ணை விட வேண்டும் என்றும் சொல்ல முடியவில்லை. அவரை யாரும் பிடித்து ரிங்கில் தள்ளவில்லை, தாமாகவே இறங்கினார். ரிங்கில் நிற்கும்போது மட்டும்தான் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நிற்பதில்லை. வங்கியிலும் இல்லாத நிமிர்வு அது.

இன்று செவ்வாய். ஜிம்மில் பயிற்சி தொடங்கிவிட்டது. அண்ணை வங்கியிலிருந்து வந்து டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருக்கிறார்.